தீயணைப்பு வீரர்களின் தூக்கமும் மனநலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீயணைப்பு நிலையங்களில் தூக்கத்தைப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் கூட்டத்தில் கேள்விகள் அதிகம் வராது. எல்லோரும் கலைந்த பிறகு யாராவது ஒருவர் தயங்கி நின்று கேட்பார். அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வீரர்கள், அவர்களுடைய குடும்பத்தினர், நிலைய அதிகாரிகள் என மூன்று தரப்பும் கேட்டவை இதில் உண்டு. ஒருவருக்கு என்ன மருந்து, என்ன சிகிச்சை என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தூக்கம் கெட்டா உடம்பு அசதியா இருக்கும், அது தெரியும். மனசுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

மூளையில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. பயம், கோபம், ஆபத்து உணர்வு எல்லாவற்றுக்கும் முதலில் துள்ளி எழுவது அதுதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி அதை அடக்கி வைக்கிறது. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய 35 மணி நேரம் விழித்திருந்தவர்களுக்கு மனதைப் பாதிக்கும் படங்களைக் காட்டினார்கள். நன்றாகத் தூங்கியவர்களைவிட இவர்களுடைய அமிக்டலா சுமார் 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. முன்மூளையோடு அதற்கு இருக்கும் தொடர்பும் தளர்ந்திருந்தது. தூங்காத மறுநாள் வீட்டில் சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறி விழுவதற்குக் காரணம் இதுதான். குணம் மாறிவிட்டது என்று அதைப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. கனவு காணும் நிலைத் தூக்கத்தில் நார்அட்ரினலின் என்ற பதற்ற வேதிப்பொருள் மூளையில் மிகவும் குறைந்துவிடுகிறது. அன்றைய அனுபவங்களைப் பதற்றமில்லாத சூழலில் மூளை மறுபடி எடுத்துப் பார்த்து அடுக்குகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால்தான் நினைவு நிற்கிறது, அதன் காரம் மெல்லக் குறைகிறது. இந்த வகைத் தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகம் வரும். அதிகாலை அழைப்புகள் வெட்டி எடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். மற்றவர்களைவிட அதிகமாகக் கொடுமையான காட்சிகளைப் பார்ப்பவர்களுக்கு, அதை ஆற்றிக்கொள்ளும் நேரம் மற்றவர்களைவிடக் குறைவாகக் கிடைக்கிறது.

எங்க வேலையில தூக்கம் கெடறது சகஜம்தானே? இதுல புதுசா என்ன இருக்கு?

சகஜம்தான். ஆனால் அதில் எவ்வளவு பங்கு வேலையால் வருவது, எவ்வளவு பங்கு நோய் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஏறக்குறைய 7,000 தீயணைப்பு வீரர்களைச் சோதித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 37 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தூக்கக் கோளாறு இருக்கக்கூடும் என்று தெரிந்தது. தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, தூக்கமின்மை, ஷிப்ட் வேலையால் வரும் கோளாறு, கால்களில் ஓயாத குறுகுறுப்பு எல்லாம் இதில் அடக்கம். அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு அதற்கு முன் யாரும் நோயைக் கண்டுபிடிக்கவில்லை, சிகிச்சையும் இல்லை.

அதே ஆய்வில், கோளாறு இருந்தவர்கள் மனச்சோர்வும் பதற்றமும் இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. எது எதனால் வந்தது என்பதை இந்த ஒரு ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் “எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்று சொல்லி விட்டுவிடும் அளவுக்குச் சின்ன விஷயமில்லை.

மனசு சரியில்லாததால தூக்கம் போகுதா, தூக்கம் போனதால மனசு கெடுதா?

இரண்டும் நடக்கிறது. முன்பு மருத்துவர்கள் தூக்கமின்மையை மனச்சோர்வின் ஓர் அறிகுறியாக மட்டும் பார்த்தார்கள். நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2011-ல் வந்த அலசல் வேறு கதை சொன்னது. மனச்சோர்வு இல்லாமல் தூக்கமின்மை மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு இருந்தது. அதாவது பலருக்குத் தூக்கம் முதலில் போகிறது, மனம் பிறகு சரிகிறது.

நான் இதை நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். மனதுக்குள் நடப்பதைச் சொல்ல வார்த்தை கிடைக்காதவர்களும் “தூக்கம் வரல” என்று சொல்லிவிடுவார்கள். அங்கே தொடங்கினால் போதும். தூக்கத்தைச் சரிசெய்யும் சிகிச்சை மனச்சோர்வையும் பதற்றத்தையும் ஓரளவு தணிக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன.

ராத்திரி ஒரு அழைப்புகூட வரல. நேரத்துக்குப் படுத்தேன். ஆனா காலையில தூங்கின மாதிரியே இல்ல. ஏன்?

மணி அடிக்கும் என்று எதிர்பார்த்துத் தூங்குவது வேறு வகைத் தூக்கம். கப்பல்களில் எந்திரக் கோளாறு அழைப்புக்காகக் காத்திருந்து தூங்கும் பொறியாளர்களின் மூளை அலைகளை 1988-ல் பதிவு செய்து பார்த்தார்கள். அழைப்பு நாட்களில் ஆழ்ந்த தூக்கம் குறைந்திருந்தது. அந்தக் குறைவு முதல் அழைப்பு வருவதற்கு முன்பே தொடங்கியிருந்தது. உடல் படுத்திருக்கிறது, காவல் மட்டும் தூங்கவில்லை.

ஆகவே அமைதியான இரவை முழுத் தூக்கமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். எட்டு மணி நேரம் படுத்திருந்தேன், பிறகும் ஏன் சோர்வு என்று தன்னைத் தானே சோம்பேறி என்று திட்டிக்கொண்ட ஒருவர், இதைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார். இந்த ஒரு தகவலாவது எல்லா நிலையங்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

மணி அடிச்சதும் எழுந்து ஓடறேன். ஆனா முதல் சில நிமிஷம் மூளையே வேலை செய்யல. எனக்கு ஏதாவது கோளாறா?

இல்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென்று எழுந்தால் எவருக்கும் இந்த மந்தம் இருக்கும். பொதுவாக 15 முதல் 30 நிமிடம் வரை நீடிக்கும், தூக்கக் கடன், அதாவது பல நாளாகச் சேர்ந்த தூக்கக் குறைவு, அதிகமாக இருந்தால் இன்னும் நீளும். பின்னிரவு 3 மணியிலிருந்து 5 மணி வரை உடல் வெப்பம் குறைந்திருக்கும் நேரத்தில் மோசமாக இருக்கும். வண்டி அதற்குள் சம்பவ இடத்துக்கே போய்விடுகிறது என்பதுதான் சிக்கல். அதனால் வழியை உரக்கச் சொல்வது, அளவுகளை இருவர் சரிபார்ப்பது, கடைசியாகத் தூங்கி எழுந்தவரிடம் வண்டி ஓட்டும் பொறுப்பைத் தராமல் இருப்பது போன்ற பழக்கங்களை நிலையமே விதியாக வைத்துக்கொள்ள வேண்டும். தனி மனிதனின் உறுதியை நம்பி விடக்கூடாது.

இது மனநலப் பக்கத்தில் ஏன் வருகிறது என்று கேட்கலாம். அந்த மந்தத்தில் நடந்த ஒரு தாமதத்தை, ஒரு தவறான திருப்பத்தை வருடக்கணக்கில் மனதில் போட்டு வதைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். உடலின் இயல்பான ஒரு நிலையைத் தன் குற்றமாகச் சுமக்கிறார்கள். மணியின் ஓசையும் முக்கியம். எடுத்த எடுப்பில் அலறாமல் சில நொடிகளில் படிப்படியாக உயரும் ஒலி, பளீர் வெள்ளைக்குப் பதில் மங்கிய சிவப்பு விளக்கு, சம்பந்தப்பட்ட குழுவின் அறையில் மட்டும் ஒலிக்கும் ஏற்பாடு ஆகியவை இதயத்துக்கும் மனதுக்கும் அதிர்ச்சியைக் குறைக்கும்.

24 மணி நேர ஷிப்ட் நல்லதா, பகல்ல 10 மணி நேரம், ராத்திரில 14 மணி நேரம்னு பிரிச்சு வேலை பார்க்கிறது நல்லதா?

எந்த முறை சிறந்தது என்று ஒற்றை வரியில் சொல்பவர்களை நம்ப வேண்டாம். இரவில் ஓரிரு அழைப்பு மட்டும் வரும் நிலையத்தில் 24 மணி நேர முறை நன்றாகவே ஓடும். வீட்டில் தொடர்ச்சியாக இரண்டு நாள் கிடைக்கும், பயணம் குறையும். இரவு முழுக்க வண்டி போய் வரும் நிலையத்தில் அதே முறை ஆபத்து. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போல இறங்கிவிடுகிறது, 24 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 0.10 சதவீதம் என்று 1997-ல் அளந்து காட்டினார்கள். 48 மணி நேர முறையில் இந்தக் கவலை இன்னும் கூடும்.

என்னைக் கேட்டால், ஷிப்ட் வடிவத்தைவிட மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்: நள்ளிரவுக்குப் பின் எத்தனை அழைப்பு, கட்டாய ஓவர்டைம் எத்தனை முறை, ஓய்வு நாளில் இரண்டாவது வேலைக்குப் போகிறார்களா. பல நிலையங்களில் முறை காகிதத்தில் நன்றாக இருக்கும், ஆள் பற்றாக்குறை அதை விழுங்கிவிடும்.

லீவு ரெண்டு நாள்ல சேர்த்துத் தூங்கிட்டா சரியாகிடும்ல?

கொஞ்சம் சரியாகும், முழுக்க இல்லை. 2003-ல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்க வைத்தவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவுகள் அறவே தூங்காதவர்கள் அளவுக்கு இறங்கியது. அதைவிடக் கவலை தரும் தகவல், தாங்கள் அவ்வளவு மோசமாகிவிட்டோம் என்று அவர்களுக்குத் தெரியவே இல்லை. “எனக்குப் பழகிடுச்சு” என்று சொல்பவரின் சொல்லை அளவுகோலாக எடுக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

மோசமான இரவுக்குப் பின் காலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்து, அன்று இரவு வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகப் படுப்பது நல்ல வழி. மாலை வரை தூங்கினால் இரவுத் தூக்கம் போய்விடும்.

வீட்டுக்கு வந்தா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, தூக்கம் மட்டும் வரமாட்டேங்குது. என்ன செய்யறது?

காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்துக்கு “விடிந்துவிட்டது” என்று சொல்லிவிடுகிறது, சோர்வை அது எதிர்த்து நிற்கிறது. படுக்கும் அறையை நல்ல இருட்டாக, சற்றுக் குளிர்ச்சியாக வையுங்கள். வந்ததும் படுக்கையில் விழாமல், குளித்து, கொஞ்சம் சாப்பிட்டு, அரை மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டுப் படுங்கள். அன்று பார்த்த சம்பவத்தை போனில் தேடிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

காபியின் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம், அதாவது நாலு கப் காபி அளவு எடுத்தாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். ஷிப்டின் முதல் பாதியில் குடியுங்கள், கடைசிப் பாதியில் தவிருங்கள். அப்புறம், கண் சொருகும்போது வண்டி ஓட்டி வீடு திரும்பாதீர்கள். நிலையத்திலேயே 20 நிமிடம் கண் மூடிவிட்டு, மந்தம் தெளிந்த பிறகு கிளம்புங்கள்.

ரெண்டு பெக் போட்டாதான் தூக்கம் வருது. அளவாத்தான் குடிக்கிறேன். தப்பா?

தப்பு, சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மது சீக்கிரம் தூங்க வைக்கும், உண்மை. ஆனால் இரவின் முதல் பாதியில் கனவுத் தூக்கத்தை அமுக்கிவிடுகிறது. மது இறங்கிய பிறகு பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகும், கனவுகள் கொந்தளிக்கும். முதல் பதிலில் சொன்ன அந்த ஆற்றும் வேலை நடக்காமல் போகிறது. தொண்டைத் தசைகளும் தளர்வதால் மூச்சுத் தடையும் கூடுகிறது.

தூக்கத்துக்காகக் குடிப்பவருக்கு நாளடைவில் அளவு கூடும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். மருத்துவர் துணையோடு குறையுங்கள்.

அப்போ தூக்க மாத்திரை?

அவசரத்துக்குச் சில நாட்கள் என்று மருத்துவர் எழுதித் தரலாம். பணி நேரத்தில், அழைப்பு வரக்கூடிய இரவில் கூடாது. வேலியம் போன்ற பென்சோடயசிபின் வகை மருந்துகளை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு உள்ளவர்களுக்குத் தர வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டிகள் சொல்கின்றன.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை கிடையாது. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-ல் பரிந்துரைத்தது. பெரும்பாலும் ஆறு முதல் எட்டு அமர்வுகள். படுக்கையில் புரளும் நேரத்தைக் குறைப்பது, தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுவது, “இன்றும் தூங்காவிட்டால் நாளை என்ன ஆகும்” என்ற எண்ண ஓட்டத்தைக் கையாள்வது என்று படிப்படியாகப் போகும். இதில் ஓர் எச்சரிக்கை: சிகிச்சையின் ஆரம்ப வாரங்களில் படுக்கை நேரத்தைக் குறைக்கும்போது பகல் தூக்கக் கலக்கம் கூடும். வண்டி ஓட்டுபவர், ஏணியில் ஏறுபவர் என்றால் சிகிச்சையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, ஷிப்டுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும்.

குறட்டை விடறேன்னு நிலையத்துல எல்லாரும் கிண்டல் பண்றாங்க. அதுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருக்கா?

இருக்கிறது. மேலே சொன்ன 2015 ஆய்வில் மிக அதிகமாகக் காணப்பட்டது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்தான், 28 சதவீதம். மூச்சு நின்று நின்று வருவதால் மூளை இரவு முழுக்கத் தன்னையே எழுப்பிக்கொண்டிருக்கிறது. காலையில் தலைவலி, பகலில் அசதி, எதிலும் நாட்டமின்மை, எரிச்சல். இதைப் பார்த்து மனச்சோர்வு என்று மருந்து கொடுத்து, மூச்சுத் தடையை யாரும் கவனிக்காமல் போவதும் நடக்கிறது.

கிண்டல் செய்யும் தோழர்கள்தான் சாட்சிகளும். மூச்சு நின்று திணறி எழுவதை அவர்கள் பார்த்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவுப் பரிசோதனையில் உறுதியானால் மூக்கில் காற்றழுத்தம் தரும் கருவி, எடைக் குறைப்பு என்று வழிகள் உண்டு.

ஒரு குழந்தையைக் காப்பாத்த முடியல. கண்ணை மூடினா அதே காட்சி. இது எப்போ போகும்?

முதல் சில வாரங்களில் இப்படி வருவது மனதின் இயல்பு. பெரும்பாலானவர்களுக்கு மெல்லக் குறையும். அந்த நாட்களில் யாரும் உங்களை உட்கார வைத்து நடந்ததை முழுக்கச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. கட்டாயமாக ஒரே அமர்வில் பேச வைப்பது பிந்தைய பாதிப்பைத் தடுப்பதாகச் சான்று இல்லை. நீங்களாகப் பேச விரும்பினால் பேசுங்கள், கேட்க ஆள் இருக்கட்டும்.

ஒரு மாதம் தாண்டியும் காட்சி திரும்பத் திரும்ப வந்தால், அந்தத் தெருவைத் தவிர்த்துப் போனால், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அதிர்ச்சி நினைவை நேரடியாகக் கையாளும் பேச்சுச் சிகிச்சைகளுக்கு நல்ல பலன் உண்டு. கெட்ட கனவுக்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. பகலில், விழித்திருக்கும்போது, அந்தக் கனவின் முடிவை நீங்கள் விரும்பியபடி மாற்றி எழுதி, தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. கேட்க எளிமையாக இருந்தாலும் பலருக்குக் கனவின் வேகம் குறைந்திருக்கிறது. பிராசோசின் என்ற மருந்தையும் சிலருக்குத் தருவார்கள். முன்னாள் ராணுவத்தினரிடையே நடந்து 2018-ல் வெளிவந்த பெரிய சோதனையில் அது வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக இல்லை. சிலருக்கு உதவுவதால் மருத்துவர்கள் இன்னும் முயன்று பார்க்கிறார்கள்.

எங்க வீட்டுக்காரர் தூக்கத்துல கத்தறார், கையை வீசறார். தொட்டு எழுப்பலாமா?

தொட வேண்டாம் அம்மா. கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, பெயர் சொல்லி, “வீட்டில்தான் இருக்கீங்க” என்று நிதானமாகச் சொல்லுங்கள். விழித்ததும் கேள்வி கேட்காதீர்கள். சில நாட்கள் தனியாகப் படுப்பது உறவில் விரிசல் ஆகிவிடாது, உங்களுக்கும் தூக்கம் வேண்டும். கத்துவதும் அடிப்பதும் அடிக்கடி நடந்தால் தூக்க மருத்துவரிடம் காட்டுங்கள், கனவில் உடல் அசையும் தனி நோயும் உண்டு.

முக்கியமான குடும்ப விஷயங்களை அவர் ஷிப்ட் முடிந்து வந்த காலையில் எடுக்காமல், ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு பேசுங்கள். பாதிச் சண்டைகள் வராமலே போகும்.

தூக்கம் இல்லன்னு சொன்னா, வேலைக்குத் தகுதி இல்லன்னு ஒதுக்கிடுவாங்களோ?

இந்தப் பயம் நியாயமானது, இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். யாரிடம் பேசுகிறீர்களோ அவரிடம் முதலிலேயே கேளுங்கள்: நான் சொல்வது என் பணிக்கோப்பில் ஏறுமா, யார் யார் பார்ப்பார்கள்? நிலையத்துக்கு வெளியே ஒரு மருத்துவரைப் பார்ப்பதும் வழிதான். ஆனால் பெரும்பாலான தூக்கக் கோளாறுகளுக்குச் சிகிச்சை உண்டு. சிகிச்சை பெறுபவரைவிட, மறைத்துக்கொண்டு ஸ்டீயரிங் பிடிப்பவரால்தான் அவருக்கும் குழுவுக்கும் ஆபத்து.

நான் நிலைய அதிகாரி. என் ஆள் ஒருத்தர் தூங்கறதே இல்லன்னு தெரியுது, முகமே மாறிப்போச்சு. எப்படிக் கேக்கறது?

தனியாக அழைத்து, தூக்கத்தில் தொடங்குங்கள். “எப்படிப்பா தூங்கறே? எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டால் பலர் திறந்து பேசுவார்கள். பதிலை உடனே சரிசெய்யப் பார்க்காதீர்கள், கேளுங்கள்.

தூக்கமின்மையும் கெட்ட கனவுகளும் தற்கொலை எண்ணத்தோடு தொடர்புள்ளவை, தீயணைப்பு வீரர்களிடமும் இது காணப்பட்டிருக்கிறது. “வாழ்ந்து என்ன” என்ற தொனி வந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், அபாயமான பொருட்களை அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவமனைக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ கொண்டுபோய்ச் சேருங்கள். அடுத்த ஷிப்ட் வரை தள்ளிப் போடக் கூடாது.

நான் முழுநேர ஊழியர் இல்ல, தன்னார்வ வீரர். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

இன்னும் அதிகமாகப் பொருந்தும். பகலில் உங்கள் தொழில், இரவில் அழைப்பு. உங்களுக்கு ஷிப்ட் முடிவு என்று ஒன்று கிடையாது, மறுநாள் ஈடுகட்டும் விடுப்பும் கிடையாது. வாரத்தில் சில இரவுகளை அழைப்பு ஏற்காத இரவுகளாகக் குழுவோடு பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரவுகளில் போனை வேறு அறையில் வையுங்கள்.

ஓய்வு பெற்று வருஷங்களாச்சு. இன்னும் ராத்திரி 2 மணிக்குத் தூக்கிப் போட்டு எழறேன். இது இனிமே மாறாதா?

மாறும். உடல் பல வருடம் கற்றுக்கொண்ட காவல் பழக்கம் அது, மணி இல்லாவிட்டாலும் காத்திருக்கிறது. மாத்திரை பற்றிய பதிலில் சொன்ன சிகிச்சை மூத்த வயதினருக்கும் பலன் தருகிறது. வயதோடு மூச்சுத் தடையும் கூடுவதால் அதையும் சோதித்துப் பாருங்கள். வேலையில் இருந்தவரை அமுங்கிக் கிடந்த பழைய சம்பவங்கள், நேரம் நிறையக் கிடைத்த பிறகு மேலே வருவதும் உண்டு. அதற்கும் அதிர்ச்சி நினைவைக் கையாளும் அதே பேச்சுச் சிகிச்சைகள்தான், காலம் கடந்துவிட்டது என்று எந்த மருத்துவரும் திருப்பி அனுப்ப மாட்டார்.

மருத்துவரிடம் போகும்போது எத்தனை வருடம் தீயணைப்பில் இருந்தீர்கள், எப்படிப்பட்ட ஷிப்ட் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். ஓய்வு பெற்றவரிடம் பழைய வேலையைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.